பஞ்சாயத்துக் கணினியும் பேக்கப் டிஸ்கும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதுவது)

காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெரிய ஏரிகளுள் தென்னேரி ஏரியும் ஒன்று. திரையன் பெயரால் அமைந்த ஏரியாதலின் திரையனேரி எனப்பட்டு, அதுவே தென்னேரி என மருவிற்று என்பர். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையை அது தேக்கி வைத்து, மழையற்ற நாட்களில் மதகு வழியே வயலுக்கு விடுகின்றது. மழை பெய்யும்போதே தேக்கிக்கொள்ள வேண்டும், பயிர் வாடிய பின் தேக்க இயலாது என்பதை இப்பகுதிக் குடியானவர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அதே ஊர்களில் பஞ்சாயத்து அலுவலக மேஜை மீதிருக்கும் கணினியைப் பற்றி நாம் அவ்வாறு எண்ணுவதில்லை. கணினி ஓடும் வரையில் ஓடட்டும் என்று விட்டுவிடுகிறோம். அது நின்ற அன்று தான் பேக்கப் என்னும் காப்புப் பிரதியைத் தேடுகிறோம். அப்பொழுது டிஸ்கைச் செருகினால் அதுவும் தகராறு செய்கின்றது. அத்தகராறுகளையும் அவற்றிற்கான பரிகாரங்களையும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்துகொள்ளும் வண்ணம் இங்கே விளக்க முற்படுகிறேன்.

'எல்லாம் ஆன்லைனில் இருக்கின்றதே, பேக்கப் எதற்கு?' என்று அங்கத்தினர் சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் தொடங்கப்பெற்ற இ-கிராம் ஸ்வராஜ் போன்ற ஏற்பாடுகளில் பதிவாகும் கணக்கு, நமது கணினி பழுதடைவதால் அழிவதில்லை. பட்டா, சிட்டா நகல்களையும் மீண்டும் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வரி வசூலுக்காக நாமே தயாரித்த எக்செல் பட்டியல், தெருவாரியாக எழுதிய குடிநீர்க் குழாய் விவரம், தீர்மானங்களின் தட்டச்சுப் பிரதி, மதிப்பீடுகள், கடிதப் போக்குவரத்து ஆகியவை பெரும்பாலும் அந்த ஒரு கணினியில் மட்டுமே உள்ளன. இவற்றைக் காட்டிலும் முக்கியமானவை புகைப்படங்கள். ஒரு வேலை தொடங்கு முன்னும், நடைபெறும்போதும், முடிந்த பின்னும் படம் எடுத்து வைக்கிறோம். கரையை உயர்த்தி முடித்த பிறகு, உயர்த்தாத கரையைப் படம் எடுக்க எவராலும் இயலுமோ? தணிக்கையின்போது 'முன்பு எப்படி இருந்தது?' என்று கேட்டால் காட்டுவதற்கு அப்படம் ஒன்றே சாட்சி. விவசாயிக்கும் இது பொருந்தும். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டி மழை போன்ற உள்ளூர்ச் சேதத்தை 72 மணி நேரத்திற்குள் தெரிவித்தாக வேண்டும்; அன்று எடுத்த படம் தொலைந்தால், சாய்ந்த நெல் மீண்டும் நின்று சாட்சி சொல்லாது.

நமக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில் இதற்கோர் உதாரணம் உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் அவ்வூர்ச் சபையார் குடவோலைத் தேர்தல் விதிகளைக் கல்லிற் பொறித்தனர். 30 குடும்புகள், சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எல்லாம் அதில் உள. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் இடம்பெறலாகாது என்பதும் உள்ளது. குடத்தில் இட்ட ஓலைகளில் ஒன்றேனும் இன்று இல்லை. சுவரில் ஏறிய பிரதி மட்டும் ஆயிரத்து நூறு ஆண்டுகளாக நிற்கின்றது. மாறாக, 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் அச்சு நூல்களைப் பிற இடங்களிலிருந்து மீண்டும் சேகரிக்க வழியிருந்தது. வேறு பிரதியில்லாத ஓலைச்சுவடிகளுக்கு அவ்வழி இல்லை.

டிஸ்க் தென்படாவிடில்

வெளி ஹார்ட் டிஸ்க் என்பது கையடக்கமான ஒரு பெட்டி. அதனைக் கணினியோடு இணைக்கும் வாய்க்கு யு.எஸ்.பி. என்று பெயர். மின்தடையின்போது கணினியைத் தாங்கும் பெட்டிக்கு யு.பி.எஸ். என்று பெயர். இவ்விரு பெயர்களும் ஒன்றுபோல் ஒலிப்பதால், ஒன்றைக் கேட்டு மற்றொன்றை வாங்கி வந்த கதையும் உண்டு. இரண்டும் வேண்டியவையே என்பதால் பணம் வீணாகவில்லை!

செருகியும் டிஸ்க் தென்படவில்லையெனில், டிஸ்க் கெட்டுவிட்டது என்று உடனே தீர்மானித்தல் தவறு. பெரும்பாலும் கெட்டிருப்பது கேபிள். பல டிஸ்குகளில் உள்ள அகலமான தட்டை முனை எளிதில் தளர்ந்துவிடும். புதிய வகை டிஸ்குகளில் கைபேசிக் கேபிளைச் செருகுவோரும் உளர். சில கைபேசிக் கேபிள்கள் மின்சாரத்தை மட்டும் கடத்துமேயன்றிச் செய்திகளைக் கடத்தா. ஆகவே விளக்கு எரியும், டிஸ்க் தென்படாது. டிஸ்குடன் வந்த கேபிளை அதனுடனேயே கட்டி வைத்தல் நலம்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது மின்சாரம். சிறிய வெளி டிஸ்கிற்குத் தனி மின் இணைப்பு இல்லை, யு.எஸ்.பி. வாயிலிருந்தே அது மின்சாரம் பெறுகின்றது. பழைய வகை வாய் (2.0) 500 மில்லி ஆம்பியரும், பெரும்பாலும் நீல நிறத்திலிருக்கும் புதிய வகை வாய் (3.0) 900 மில்லி ஆம்பியரும் தரவல்லவை. கடைமடை வயலுக்குத் தண்ணீர் ஏறாதது போல, கணினியின் முன்பக்க வாயில் செருகினாலும், ஒரே வாயைப் பலவாகப் பிரிக்கும் ஹப்பில் செருகினாலும் டிஸ்கிற்குப் போதிய மின்சாரம் எட்டாமற் போகலாம். பின்பக்கத்தில், கணினியின் தாய்ப்பலகையிலேயே அமைந்துள்ள வாயில் நேராகச் செருகிப் பார்க்க வேண்டும். தென்படாத டிஸ்குகளில் பல இந்த ஒரு மாற்றத்தினாலேயே தென்படுகின்றன.

'டிக், டிக்' என்று ஒரே சீராக ஒலி எழும்புமாயின் அது வேறு விஷயம். மின்சாரம் போதாமையாலும் அவ்வொலி எழுவதுண்டாதலின், பின்பக்க வாயில் ஒரு முறை மட்டும் சோதிக்கலாம். அங்கும் ஒலித்தால் உள்ளேயிருக்கும் படிக்கும் முள் பழுதடைந்துள்ளது என்று கொள்க. மீண்டும் மீண்டும் செருகிப் பார்ப்பது, காயம்பட்ட மாட்டை ஏரில் பூட்டுவதற்கு ஒப்பாகும். உடனே கழற்றி, செய்திகளை மீட்டெடுக்கும் தொழில் தெரிந்தவரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

ஓசையும் இல்லை, கேபிளும் நன்றாயுள்ளது, ஆயினும் தென்படவில்லை என்றால், விண்டோஸ் கணினியில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்னும் பகுதியைத் திறந்து பார்க்கவும். அங்கும் டிஸ்க் காணப்படாவிடில் பழுது கேபிளிலோ, வாயிலோ, டிஸ்கிலோதான். வேறொரு கணினியில் செருகினால் எது என்பது விளங்கிவிடும். அங்கே டிஸ்க் காணப்பட்டு, அதற்குரிய ஆங்கில எழுத்து மட்டும் இல்லையெனில், எழுத்தை ஒதுக்கிய மாத்திரத்தில் அது தென்படும்.

சில வேளைகளில் 'இந்த டிஸ்கை ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று கணினியே ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பைக் காட்டும். அதன் கீழ் இரு பொத்தான்கள் இருக்கும். கணினி சொல்கின்றதே என்று எண்ணி 'ஃபார்மட்' என்பதை அழுத்தலாகாது. 'கேன்சல்' என்பதையே அழுத்த வேண்டும். டிஸ்கின் அட்டவணை சிதைந்துள்ளது என்பதே அவ்வறிவிப்பின் பொருள்; உள்ளேயுள்ள செய்திகள் அநேகமாக அப்படியே இருக்கும். ஃபார்மட் செய்தால் புதிய அட்டவணை பழையதன் மேல் எழுதப்பட்டு, மீட்பது பன்மடங்கு சிரமமாகிவிடும். டிஸ்கை உரிய முறைப்படி விடுவிக்காமல் பிடுங்குவதே இச்சிதைவிற்குப் பெரிதும் காரணம். 'எஜெக்ட்' கொடுத்து, கணினி அனுமதி அளித்த பின்னரே கழற்ற வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும் குமாஸ்தாவின் கையிலிருந்து பேரேட்டைப் பிடுங்கினால் கடைசி வரி என்னவாகும்?

டிஸ்க் தென்பட்டும் பிரதி ஏறாவிடில்

நான் பார்வையிட்ட ஓர் அலுவலகத்தில் பேக்கப் டிஸ்க் ஒழுங்காக உறையிட்டு பீரோவில் வைக்கப்பட்டிருந்தது. வாரந்தோறும் வெள்ளிக்கிழமை செருகினார்கள், திங்கட்கிழமை கழற்றினார்கள். திறந்து பார்த்தபோது கடைசிப் பிரதி பதினான்கு மாதத்திற்கு முந்தியது. காரணம் அற்பமானது. விண்டோஸ் கணினி, செருகப்படும் ஒவ்வொரு டிஸ்கிற்கும் காலியாக உள்ள ஓர் ஆங்கில எழுத்தைக் கொடுக்கின்றது. பேக்கப் ஏற்பாட்டில் 'ஈ' என்னும் டிஸ்கில் எழுதுமாறு கட்டளையிருந்தது. இடையில் எவரோ ஒரு பென் டிரைவைச் செருகிவிட்டதால் 'ஈ' என்பது பென் டிரைவிற்குப் போய், பேக்கப் டிஸ்க் 'எஃப்' ஆகிவிட்டது. கட்டளை முகவரி தவறிய தபால் போலத் திரும்பியது. திரும்பியதை எவரும் பார்க்கவில்லை. மேற்கூறிய டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதியிலேயே, பேக்கப் டிஸ்கிற்கு 'எக்ஸ்' போன்ற கடைசி எழுத்தொன்றை நிலையாக ஒதுக்கி, ஏற்பாட்டிலும் அதையே குறித்துவிட்டால் இத்தொல்லை பெரும்பாலும் தீரும்.

விண்டோஸிலேயே அமைந்துள்ள 'ஃபைல் ஹிஸ்டரி' என்னும் ஏற்பாட்டை உபயோகிப்போர் ஒன்றை அறிதல் வேண்டும். அது வழக்கமாக டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற இடங்களை மட்டுமே பிரதி எடுக்கும். நமது அலுவலகங்களிலோ முக்கியமான கோப்புகளை 'டி' டிரைவில் வைப்பது பழக்கம். அப்பகுதி பிரதியில் சேராது. சேரவில்லை என்ற எச்சரிக்கையும் வராது. மேலும் பழைய பிரதிகளை என்றென்றும் வைத்திருக்குமாறு அது அமைக்கப்பட்டிருக்கும். இதனால் நாளடைவில் டிஸ்க் நிரம்பி, புதிய பிரதி நின்றுவிடும். இடம் தேவைப்படும்போது பழையவற்றைக் கழிக்குமாறு மாற்றிக்கொள்ளலாம்.

பெரிய கோப்பு ஒன்று மட்டும் ஏற மறுத்து, டிஸ்கில் இடமிருந்தும் 'கோப்பு மிகப் பெரிது' என்று கணினி கூறினால், அந்த டிஸ்க் 'ஃபேட் 32' என்னும் பழைய முறையில் அமைந்தது என்று அறிக. அம்முறையில் ஒரு கோப்பு 4 ஜி.பி. அளவிற்கு மேற்படலாகாது. கிராம சபை நடவடிக்கைகளின் வீடியோ இவ்வளவை எளிதில் தாண்டும். டிஸ்கிலுள்ளவற்றை முதலில் வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, 'என்.டி.எஃப்.எஸ்.' அல்லது 'எக்ஸ்ஃபேட்' முறையில் மாற்றியமைக்க வேண்டும். மாற்றும்போது டிஸ்க் துடைக்கப்படும் என்பதை மறத்தலாகாது.

தமிழில் கோப்பிற்குப் பெயரிடுவோர்க்கு மட்டும் நேரும் தொல்லை ஒன்றும் உண்டு. விண்டோஸில் ஒரு கோப்பின் முழு முகவரி, அதாவது அடுக்கடுக்கான உறைகளின் பெயர்களும் சேர்ந்து, வழக்கமாக 260 குறியீடுகளுக்குள் அடங்க வேண்டும். தமிழில் 'கி' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்குக் ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு. எனவே 'குடிநீர்த் திட்டத் தீர்மானங்களும் மதிப்பீடுகளும்' என்றாற் போன்ற நீண்ட பெயர்களை ஒன்றனுள் ஒன்றாக நான்கைந்து உறைகளுக்கு இட்டால் எல்லை விரைவில் கடந்துவிடும். மூலத்தில் நன்றாகத் திறக்கும் கோப்பு பிரதியில் ஏறாது. பெயரைச் சுருக்குவதே பரிகாரம், தமிழை விடுவதன்று.

தமிழைப் பற்றிப் பேச்செடுத்தமையால் எழுத்துருவையும் சொல்லிவிடுகிறேன். 2010ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னரும், பல அலுவலகங்களில் அதற்குப் பின்னரும், வானவில் போன்ற எழுத்துருக்களில் கடிதங்கள் தட்டச்சு செய்யப்பட்டன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கடிதத்தைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். பிரதி கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டுவதில்லை. எழுத்துருவை நிறுவினால் கடிதம் உயிர்பெறும். ஆகையால் பேக்கப் டிஸ்கில் கோப்புகளோடு அவ்வெழுத்துருவையும் ஓர் உறையில் வைத்தல் அவசியமாகும். பத்தாண்டு கழித்து எவர் வந்து திறப்பாரோ, அவரிடம் அது இருக்கும் என்பதற்கு என்ன உறுதி?

எழுதிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நின்றுவிடுவது மற்றொரு குறை. பழைய வாயில் 100 ஜி.பி. பிரதி எடுக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். சிறு சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இன்னும் மிகும். இதற்குள் கணினி 'ஸ்லீப்' என்னும் உறக்கத்திற்குச் சென்றால் வேலை தடைப்படும். பிரதி எடுக்கும் நாளில் உறக்கத்தை நிறுத்தி வைக்கலாம். எக்செல் முதலிய கோப்புகளைத் திறந்து வைத்தபடியே பிரதி எடுத்தால், அக்கோப்பு விடுபடுவதும், சேமிக்காத மாற்றங்கள் சேராமற் போவதும் உண்டு. மின்தடைக்கு யு.பி.எஸ். உதவும், அதன் பேட்டரி உயிரோடு இருந்தால்.

மலிவு விலையில் '2 டி.பி. பென் டிரைவ்' என்று விற்கப்படுவனவற்றை வாங்க வேண்டாம் என்று விவசாய அன்பர்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். சில போலிச் சரக்குகளில் உள்ளேயிருப்பது 32 ஜி.பி. மட்டுமே, கணினியை ஏமாற்றும்படி பெரிய அளவு எழுதப்பட்டிருக்கும். உண்மையான இடம் தீர்ந்த பின்னும் பிரதி ஏறுவது போலவே காட்டும். ஏறியது எதுவும் திறக்காது.

வைரஸும் பணயமும்

ஜெராக்ஸ் கடையில் செருகி வந்த பென் டிரைவில் உறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். பெரும்பாலும் கோப்புகள் அழிவதில்லை, மறைத்து வைக்கப்படுகின்றன. அந்த ஷார்ட்கட்டை அழுத்தாமல், வைரஸ் தடுப்பு மென்பொருளைக் கொண்டு சோதித்த பின், மறைந்துள்ளவற்றைக் காட்டுமாறு அமைத்து அவற்றை வேறு டிஸ்கிற்கு எடுத்துக்கொள்ளலாம். பேக்கப் டிஸ்கை மட்டும் எக்காரணம் கொண்டும் வெளிக் கடைக்கு எடுத்துச் செல்லலாகாது.

இதனினும் கொடியது பணயம் கேட்கும் வைரஸ். 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் 'வான்னக்ரை' என்னும் வைரஸ் உலகெங்கும் பரவியது. மே 15, திங்கட்கிழமை, கேரளத்தில் வயநாடு மாவட்டத்துத் தரியோடு பஞ்சாயத்து அலுவலகத்தைத் திறந்து கணினிகளை இயக்கியபோது, அவற்றுள் சில பூட்டப்பட்டு, 300 டாலர் கேட்கும் அறிவிப்பு திரையில் நின்றது. பத்தனம்திட்டா மாவட்டத்து அருவாப்புலம் பஞ்சாயத்திலும் இவ்வாறே நேர்ந்தது. நம்மூர் அலுவலகங்களைப் போன்றவையே அவையும். 'ஒரு பஞ்சாயத்தை எவன் தாக்கப் போகிறான்?' என்பார்க்கு இதுவே விடை. வைரஸ் ஆள் பார்த்து வருவதில்லை. அத்துளையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்றாத கணினிகளே அகப்பட்டன. இன்றும் விண்டோஸ் 10 வைத்திருப்போர் கவனிக்க: அதற்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது.

இங்கு பேக்கப்பைப் பற்றிய முக்கிய விஷயம் யாதெனில், அவ்வகை வைரஸ் கணினியில் செருகியிருக்கும் வெளி டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஆகவே எந்நேரமும் செருகியே கிடக்கும் டிஸ்க் பாதுகாப்பாகாது. பிரதி எடுத்தவுடன் கழற்ற வேண்டும்.

பிரதியைச் சோதித்தல்

ஏரி நிறைந்திருந்தும் மதகு திறக்கவில்லையெனில் வயலுக்கு என்ன பயன்? பிரதி இருக்கின்றது என்பதும், பிரதியிலிருந்து மீட்க இயலும் என்பதும் வெவ்வேறு. 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிக்ஸார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' என்னும் சித்திரப்படத்தைத் தயாரித்து வருகையில், தவறான ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப்பைத் திறந்தால் அது சில வாரங்களாகவே சரியாக இயங்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து பணியாற்றிய அம்மையார் ஒருவரின் வீட்டுக் கணினியில் ஒரு பிரதி இருந்ததால் படம் பிழைத்தது. பணமும் நிபுணர்களும் நிறைந்த இடத்திலேயே இந்நிலை என்றால் நாம் சோதித்துப் பார்ப்பது எவ்வளவு அவசியம்!

தமிழ்நாட்டில் குடியரசு நாள், மார்ச் 22, மே 1, சுதந்திர நாள், அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாட்களில் கிராம சபை கூடுகின்றது. ஒவ்வொரு கூட்டத்திற்கும் முந்திய வாரத்தில், பேக்கப் டிஸ்கை வேறொரு கணினியில் செருகி, வரிப் பட்டியல் ஒன்று, வேலைப் புகைப்படம் ஒன்று, பழைய கடிதம் ஒன்று என மூன்றைத் திறந்து பார்க்கலாம். பத்து நிமிட வேலை. திறந்த தேதியை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டால், அங்கத்தினர் எவரும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஏதுவாகும். கேட்பது அவர்கள் உரிமையுமாகும்.

டிஸ்க் ஒன்று போதாது. இரண்டு வைத்து, மாதத்திற்கு ஒன்றாக மாற்றி மாற்றி எழுத வேண்டும். ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையை இம்மாவட்டத்தார் மறந்திரார்; தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. வெள்ளம் அலுவலகத்திற்குள் புகுந்தால் மேஜையடியிலிருக்கும் கணினியும், பீரோவின் கீழ்த் தட்டிலிருக்கும் டிஸ்கும் ஒருங்கே நனையும். இரண்டாவது டிஸ்கை ஊராட்சிச் செயலரின் இல்லத்தில் வைக்கும் வழக்கம் சிற்சில இடங்களில் உள்ளது. அதை நான் விரும்பேன். அதில் மக்களின் ஆதார் நகல்களும் வங்கி விவரங்களும் இருக்கக்கூடும். ஒன்றிய அலுவலகத்தில் உறையிட்டு ஒப்படைத்து ஒப்புகை பெறுவதே முறை. எங்கு வைப்பினும் ஈரமற்ற மேல் தட்டில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்க வேண்டும். டிஸ்கின் மேல் வாங்கிய தேதியை எழுதிவிட வேண்டும். பென் டிரைவில் எழுதியவை, பல்லாண்டு மின்சாரம் படாமல் கிடந்தால் மங்கிப் போகக்கூடியவையாதலின், நெடுநாள் சேமிப்பிற்கு அவை ஏற்றவை அல்ல.

பழுதான டிஸ்கை இருப்புப் பதிவேட்டிலிருந்து கழிக்கும்போது பழைய இரும்புக் கடைக்குப் போடலாகாது. நமக்குத் திறக்காத டிஸ்க் பிறர்க்குத் திறக்கலாம். இயங்கும் நிலையில் இருந்தால் முழுமையாகத் துடைத்தும், இயங்காவிடில் உள்ளே சுழலும் தட்டைத் துளையிட்டும், 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து ரசீது பெற்றுக் கோப்பில் சேர்க்க வேண்டும்.